பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸ் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

வாசகர் ஒருவரின் கேள்வி, ஆகஸ்ட் 4, 2024

என்னிடம் மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் இருக்கிறது. ஸ்டீயரிங் வீலை நான்கு விரல் அகலத்துக்குத் திருப்பினாலும் முன் சக்கரம் அசைவதில்லை. ஸ்டீயரிங் பாக்ஸின் (வீலின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி) பக்கவாட்டு மூடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதை முறுக்கினால் போதும் என்று மாதவரத்தில் ஒருவர் சொன்னார். கால் சுற்று முறுக்கினேன், ஓரளவு குறைந்தது. இன்னும் முறுக்கலாமா? வேறு எதையும் கழற்றத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஆகஸ்ட் 4, இரவு

இன்னும் முறுக்க வேண்டாம். முறுக்கிய கால் சுற்றையும் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். பாக்ஸுக்குள் ஏற்படும் தேய்மானத்தை ஈடுகட்டுவதற்காக வைக்கப்பட்ட ஸ்க்ரூ அது. வீலிலிருந்து முன் சக்கரம் வரை உள்ள ஏழெட்டு இணைப்புகளில் எங்கோ இருக்கும் ஆட்டத்தை அதைக் கொண்டு சரிசெய்ய முடியாது. தண்டையார்பேட்டையில் இதே வண்டியை நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். நான் பார்த்தவரை, இந்த வண்டிகளில் ஆட்டத்தின் பெரும்பங்கு பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது.

உள்ளே இருப்பது ராஸ் வகை பாக்ஸ். ஸ்டீயரிங் தண்டின் கீழ் முனையில், சுற்றிச் சுற்றிப் பள்ளம் வெட்டிய கேம் ஒன்று இருக்கும். அதற்குக் குறுக்கே நிற்கும் லீவர் ஷாஃப்டில் கூம்பு வடிவிலான இரண்டு முளைகள் அந்தப் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். கேம் சுழலும்போது முளைகள் பள்ளத்தோடு நகர்ந்து ஷாஃப்டைத் திருப்ப, வெளியே உள்ள டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசையும். வண்டி நேராகப் போகும்போது முளைகள் நிற்கும் நடுப்பகுதியில் பள்ளத்தை வேண்டுமென்றே சற்று ஆழம் குறைவாக வெட்டியிருக்கிறார்கள். ஆகவே நேராக இருக்கையில் பிடிப்பு இறுக்கமாகவும், இரு பக்கமும் திரும்பியிருக்கையில் கொஞ்சம் தளர்வாகவும் இருப்பதே இதன் இயல்பு. சக்கரம் திரும்பிய நிலையில், தளர்வாக இருக்கிறதே என்று ஸ்க்ரூவை முறுக்கினால், நடுவுக்கு வரும்போது முளைகள் பள்ளத்தின் சுவரை நெரிக்கும். வளைவு முடிந்தபின் வீல் தானாக நேருக்கு வராது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் நடுப்பகுதி பொரிந்து சொரசொரத்துவிடும், அதற்குப் பிறகு கேமையே மாற்றியாக வேண்டும்.

நீங்கள் முறுக்கியபோது சக்கரம் எந்த நிலையில் இருந்தது என்று எழுதுங்கள்.

ஆகஸ்ட் 5

முதலில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்த பாய், நான் பாக்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே, “பாக்ஸ் எங்கயும் ஓடிடாது தம்பி, முதல்ல கீழ படுங்க” என்பார். அவருடைய முறை இதுதான்.

என்ஜினை நிறுத்திவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் இருக்கையில் அமர்ந்து வீலை அந்த ஆட்டத்தின் எல்லைக்குள் மட்டும் இடமும் வலமுமாக மெதுவாக அசைக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, ஒவ்வோர் இணைப்பின் மீதும் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் படுமாறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரிந்துவிடும். பாக்ஸைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளில் தொடங்கி, டிராப் ஆர்ம், அதிலிருந்து முன்னே போகும் டிராக் லிங்க் கம்பியின் பின் முனை, முன் முனை, அது இணையும் பெல் கிராங்க், அங்கிருந்து சக்கரங்களுக்குப் போகும் டை ராடு முனைகள் என்று வரிசையாக முன்னே போங்கள்.

போல்ட்டுகளில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் சேசிஸ் முழுவதுமே துருப்பிடித்திருக்கும், அதனால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆனால் அசைகிற போல்ட்டைச் சுற்றியுள்ள துரு வேறு மாதிரி இருக்கும்: வாஷரின் விளிம்பையொட்டி, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய செந்தூள் வளையமாகப் படிந்திருக்கும். இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசினால் மட்டுமே அந்தத் தூள் வரும். அதைக் கண்டால் கம்பிப் பிரஷும் மண்ணெண்ணெயும் கொண்டு அந்த இடத்தைத் துடைத்து, போல்ட் துளையிலிருந்து மயிரிழை அளவில் விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டு ஓட்டுவதும் கூடாது.

ஆகஸ்ட் 5, மாலை

ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். பழைய கையேடுகளில் இந்த பாக்ஸின் விகிதம் 14-12-14 என்று கொடுக்கப்பட்டிருக்கும். அதாவது நடுவில் வீல் 12 பாகை திரும்பினால் டிராப் ஆர்ம் 1 பாகை திரும்பும். வீலின் ஆரம் டிராப் ஆர்மின் நீளத்தைவிடக் கூடுதல் என்பதால், கீழே ஆர்மின் முனையில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் வீலின் விளிம்பில் அது 12 மி.மீ.க்கும் மேலாகத் தெரியும். நான்கு விரல் அகலம் என்பது பயமுறுத்துகிற அளவுதான். ஆனாலும் நான்கைந்து இணைப்புகளில் ஆளுக்கு 1 மி.மீ. தேய்ந்திருந்தாலே அவ்வளவு வந்துவிடும். ஒரே இடத்தில் பெரிய கோளாறு இருக்கும் என்று தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

ஆகஸ்ட் 7

கேட்டவர், வண்டி சுவரோரம் வலப்பக்கம் ஒடித்து நின்றிருந்தபோது முறுக்கியதாக எழுதியிருக்கிறார். திருப்பிவிட்டதாகவும் சொல்கிறார். நல்லது. இடையில் வண்டி அதிகம் ஓடவில்லை என்பதால் கேமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றே நம்புகிறேன்.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சோதிக்க வேண்டும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. மிதித்த பிறகும் இருந்தால், சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின் தளர்ந்திருக்கிறது. வீல் பேரிங் என்றால் வேலை எளிது: சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே, அது பிடிக்கும்வரை நட்டை இறுக்கி, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 9

டேம்பர் (நடுக்கத்தை உள்வாங்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவரும், பவர் ஸ்டீயரிங்கே மாற்றிவிடலாம் என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். டேம்பர் நடுக்கத்தை மட்டுப்படுத்தும், தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது. நடுக்கம்தான் ஏதோ தளர்ந்திருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரிவிக்கிறது. அதை அமுக்கிவிட்டால், மூட்டு கழன்று விழும் நாளில்தான் தெரியவரும். எண்ணூர் விரைவுச் சாலையில் இரு பக்கமும் கண்டெய்னர் டிரெய்லர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அப்படி ஒன்று நேர்ந்தால் ஒதுங்கவும் இடமிருக்காது.

பவர் ஸ்டீயரிங் வைத்தாலும் பெல் கிராங்க்கும் டை ராடும் பழையவைதாமே? ஆட்டம் அப்படியே இருக்கும், அதோடு கூடுதல் விசையும் அதே சேசிஸ் துளைகளின் மீது விழும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகஸ்ட் 10

பெல் கிராங்க் பற்றித் தனியாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதியும் இதுதான்.

மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே இணைத்து விற்கத் தொடங்கியது. சி.ஜே. 3பி மாதிரி அமெரிக்காவில் வெளிவந்தது 1953-இல். உயரமான ஹரிக்கேன் என்ஜினுக்கு இடம் விடுவதற்காக பானெட்டை உயர்த்தினார்களே தவிர, ஸ்டீயரிங் அமைப்பு பெரும்பாலும் போர்க்கால ஜீப்பில் இருந்ததுதான். டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசைகிறது. சக்கரங்களைத் திருப்ப வேண்டிய ராடுகளோ இடமும் வலமுமாக அசைய வேண்டும். இந்தத் திசை மாற்றத்தைச் செய்வதற்காக, முன்பக்கம் நடுவில் ஒரு முளையின் மீது சுழலும் மடங்கிய கைதான் பெல் கிராங்க். ஸ்டீயரிங்கின் விசை முழுவதும் அந்த ஒரே முளையின் வழியாகத்தான் போகிறது. சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடமும் அதுவே. கிரீஸ் நிப்பிள் இருந்தும் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.

சோதிப்பது எளிது. டிராக் லிங்க்கைக் கழற்றாமலேயே பெல் கிராங்க்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். டக் என்று சத்தம் வந்தால் முளையைச் சுற்றியுள்ள உலோக வளையமான புஷ் போய்விட்டது. கழற்றிய பின், முளையை விரல் நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். தேய்ந்த பக்கத்தில் நகம் ஒரு படியில் இடறும். முளையும் புஷ்ஷும் அடங்கிய கிட் கடைகளில் கிடைக்கிறது. கிட் வாங்கினாலும் புஷ்ஷின் உள்விட்டத்தை முளையோடு பொருத்திப் பார்த்து, தேவைப்பட்டால் துளையைச் சீராக அகலமாக்கும் ரீமர் ஓட்ட வேண்டும். படகு என்ஜின் வேலை செய்யும் காசிமேட்டு லேத்துகளில் கன்மெட்டலில் புஷ் கடைந்து தருவார்கள். உப்புத் தண்ணீரில் ஓடும் பாகங்களைக் கடைந்து பழகியவர்கள் என்பதால் அளவு பிசகாது. கிரீஸ் போகும் துளையையும் பள்ளத்தையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். துளை இல்லாத புஷ் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

தேய்ந்த முளையின் மீது வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டீயரிங்கின் எந்தப் பாகத்திலும் வெல்டிங் கூடாது.

ஆகஸ்ட் 10, பிற்சேர்க்கை

டிராக் லிங்க்கின் இரு முனைகளிலும் பந்து, கிண்ணம், ஸ்பிரிங், மரை மூடி ஆகியவை இருக்கும். ஆனால் அவற்றை அடுக்கும் வரிசை இரு முனைகளிலும் ஒன்றல்ல. கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது மூடியைப் பந்தின் மீது நன்றாக அழுந்தும்வரை முறுக்கி, பெல் கிராங்க் முனையில் அரைச் சுற்றும், டிராப் ஆர்ம் முனையில் ஒரு முழுச் சுற்றும் தளர்த்தி, மூடி கழலாமல் பூட்டும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். முழு இறுக்கத்தில் விட்டால் ஸ்டீயரிங் கனக்கும்.

ஆகஸ்ட் 16

கேட்டவர் பெல் கிராங்க் புஷ்ஷை மாற்றிவிட்டார். ஆட்டம் இரண்டு விரலுக்குக் குறைந்துவிட்டதாம். ஆனால் ஒரு புதுச் செய்தியும் சொல்கிறார்: முன்பு ஒருமுறை வீல் அலைன்மென்ட் செய்தபோது ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றதால், வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டி நேராக்கித் தந்தார்களாம்.

இதைப் படித்ததும் எனக்குப் பல விஷயங்கள் விளங்கிவிட்டன. வீல் பார்வைக்கு நேராக நிற்கிறது, ஆனால் பாக்ஸ் நடுவில் இல்லை. நேர்ச் சாலையில் போகும்போதும் முளைகள் பள்ளத்தின் தளர்வான பகுதியில்தான் நிற்கின்றன. பாக்ஸ் புதியதாக இருந்தாலும் அந்த இடத்தில் ஆட்டம் இருக்கும், ஏனென்றால் அது வடிவமைப்பிலேயே விடப்பட்ட இடைவெளி.

டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். அதில் சரிபாதி திரும்பி வந்தால் அதுதான் பாக்ஸின் நடு. தண்டின் மீதும் மேல் உறையின் மீதும் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் வீலைச் சரியான பல்லில் மாட்டுங்கள். பாக்ஸ் நடுவில் இருக்கும்போதே டிராக் லிங்க்கை மாட்டி, டை ராடுகளின் நீளத்தை மாற்றிச் சக்கரங்களை நேராக்குங்கள். டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மி.மீ. இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தைச் சுழற்றி, டயரின் நடுவில் ஆணி முனையால் கோடு கீறி, சக்கரத்தை இறக்கி, வண்டியைச் சற்று முன்னே உருட்டிவிட்டு, அச்சு உயரத்தில் முன்னும் பின்னும் அளந்தால் போதும். இதற்குக் கணினி வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 17

டிராப் ஆர்மைக் கழற்ற நேர்ந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். அந்த அடி ஷாஃப்ட் வழியே உள்ளே போய் முளைகளையும் கேமையும் தழும்பாக்கிவிடும். புல்லர் போட்டு இழுக்க வேண்டும்.

செப்டம்பர் 2

வியாசர்பாடியிலிருந்து ஒருவர், கடந்த மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டியை இறக்கியதிலிருந்து ஸ்டீயரிங் தளர்ந்தும் சில நேரம் கனத்தும் போவதாக எழுதியிருக்கிறார். அது பாக்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்த வண்டியின் முன் அச்சின் முனைகளில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும், உருண்டையான மூடிய நக்கிள் இருக்கிறது. அதன் விளிம்பில் உள்ள சீல் பழசாகிவிட்டால் தண்ணீர் உள்ளே போய் கிரீஸோடு கலந்து கிங் பின் பேரிங்குகளை அரிக்கும். மேல் மூடியைத் திறந்தால் மசகு பால் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுவதும் பிரித்துக் கழுவியே ஆக வேண்டும்.

பேரிங்கை மாற்றிய பின் மேலும் கீழும் ஷிம்கள் என்னும் மெல்லிய இடைத் தகடுகளைப் போட வேண்டும். அவை 0.003, 0.005, 0.010, 0.030 அங்குலத் தடிமன்களில் வருகின்றன. இறுக்குவதற்காக ஷிம் எடுக்கும்போது மேலே எடுத்த அளவைக் கீழேயும் எடுத்தால்தான் நக்கிள் நடுவில் நிற்கும். சீல் போடுவதற்கு முன், டை ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ இழுவையில் நக்கிள் சீராகத் திரும்ப வேண்டும். மீன் ஏலத்தில் தொங்கவிடும் சாதாரணத் தராசே இதற்குப் போதும்.

செப்டம்பர் 3

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது, முன் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) பற்றி எங்கும் சொல்லவில்லை என்று தோன்றியது. பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் தளர்ந்தாலோ, பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் சக்கிளின் புஷ் தேய்ந்தாலோ அச்சே சேசிஸுக்குக் கீழே நகரும். வீலை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் போகும். இந்த ஜீப்பின் சக்கிள்களில் சில இடது மரை கொண்டவை, புஷ்ஷின் தலையைச் சுற்றி ஒரு கோடு வெட்டியிருந்தால் அது இடது மரை. பார்க்காமல் வழக்கமான திசையில் நீளக் குழாய் போட்டு முறுக்கி மரையை வீணாக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை வைத்திருந்தால் காஸ்டர் கோணமும், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவும், மாறியிருக்கும். அது 3 பாகை இருக்க வேண்டும். குறைந்தால் வண்டி அலையும், வளைவிலிருந்து வீல் திரும்பி வராது. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம்.

செப்டம்பர் 8

கேட்டவரின் வண்டியில் எல்லாம் முடிந்து, பாக்ஸ் நடுவில் நின்ற பிறகும் ஒரு விரல் அளவு ஆட்டம் இருக்கிறதாம். இப்போது பாக்ஸைத் தொடலாம். ஆனால் அப்போதும் அந்த ஸ்க்ரூ இரண்டாவதுதான்.

டிராக் லிங்க்கைக் கழற்றி, ஸ்க்ரூவை நன்றாகத் தளர்த்திவிட்டு, ஸ்டீயரிங் தண்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் கேமின் பேரிங்குகள் தளர்ந்திருக்கின்றன. பாக்ஸின் மேல் மூடிக்கு அடியில் உள்ள ஷிம்களில் மெல்லியது ஒன்றை எடுத்து, மூடியை இறுக்கி, மறுபடி பாருங்கள். ஆட்டம் போய், வீல் கனமில்லாமல் சுழலும்வரை இதைச் செய்ய வேண்டும். அதன் பிறகே பக்கவாட்டு ஸ்க்ரூ. சுண்ணாம்புக் கோடுகள் நேருக்கு நேர் நிற்கும் நடு நிலையில், கோடியிலிருந்து கோடிக்கு வீலைத் திருப்பும்போது நடுவைக் கடக்கையில் மட்டும் இலேசான பிடிப்பு விரலில் தெரியும் அளவுக்கு முறுக்கி, லாக் நட்டைப் பூட்டுங்கள். பூட்டிய பின் மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

டிராப் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லீவர் ஷாஃப்டே ஆடுகிறது, அங்கே எண்ணெயும் கசிகிறது என்றால், ஷாஃப்ட் புஷ் போய்விட்டது. அதை எந்த ஸ்க்ரூவும் ஈடுகட்டாது.

ஒரு எச்சரிக்கை. பிற்கால வண்டிகளிலும், கை மாறிய வண்டிகளிலும் வேறு வகை பாக்ஸ் பொருத்தியிருக்கலாம். மேலே சொன்னவை ராஸ் பாக்ஸுக்கு மட்டுமே.

செப்டம்பர் 8, இரவு

எண்ணெய் கசிகிறதே என்று பாக்ஸுக்குள் கிரீஸ் அடைத்துவிடும் பழக்கம் இங்கே பல ஷெட்டுகளில் இருக்கிறது. கட்டி கிரீஸை முளைகள் ஒருமுறை ஒதுக்கித் தள்ளினால் அது பள்ளத்துக்குத் திரும்பி வழிந்து வராது, பிறகு இரும்பும் இரும்பும் உரசும். எஸ்.ஏ.இ. 140 கியர் ஆயில் ஊற்றுங்கள், சீலை மாற்றுங்கள்.

செப்டம்பர் 21

கேட்டவர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ஆட்டம் அரை விரல்கூட இல்லை, வளைவிலிருந்து வீல் தானாகத் திரும்புகிறது, ஆனால் லாரித் தடம் பதிந்த இடங்களில் வண்டி இன்னும் இழுக்கிறது என்கிறார். மிகவும் மகிழ்ச்சி. அந்த இழுப்புக்குக் காரணம் டயர். 6.00-16 அளவில் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த நைலான் டயர் சாலையின் பள்ளத் தடத்தைப் பின்பற்றத்தான் செய்யும். இரு முன் டயர்களிலும் காற்றைச் சமமாக வைத்துக்கொண்டால் குறையும், முற்றிலும் போகாது. இதற்காக பாக்ஸை மறுபடி தொட வேண்டாம்.

கொஞ்சம் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதுப் புஷ் அமர்ந்ததும் சிறிது தளரும். கழற்றிய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போட வேண்டாம். டை ராடு முனைகளில் காட்டர் பின்னுக்கான துளை நேருக்கு வரவில்லை என்றால் நட்டை இறுக்கும் திசையில்தான் அடுத்த வெட்டுக்கு நகர்த்த வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது.